ஏழு யானைகளும் ஒன்பதாயிரம் சுற்றுகளும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

மாமல்லபுரத்திற்கு வருபவர் எவரும் பார்க்காமல் திரும்பாத பாறை ஒன்று உண்டு. சரிவில் இதோ உருண்டுவிடப் போகிறேன் என்பதுபோல் நிற்கும் வெண்ணெய் உருண்டைதான் அது. 1908ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, அது உருண்டு யார் தலையிலாவது விழுந்துவிடுமோ என்று அஞ்சி, ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தாராம். பாறை அசையவே இல்லையாம். எங்கள் ஊர் வழிகாட்டிகள் இதை ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது சொல்வார்கள். கேட்பவர்களும் பாறையை வியப்பார்கள். இயற்பியல் படிக்க வந்தபிறகு எனக்கு யானைகள்மேல்தான் அக்கறை. அந்த ஏழு யானைகளும் அன்று செய்த வேலை எவ்வளவு? நம் பாடநூல் சூத்திரப்படி பூஜ்யம். விசை இருந்தது, நகர்வு இல்லை. ஆகவே வேலையும் இல்லை, திறனும் இல்லை. பாவம், யானைகள்!

இந்த யானைகளுக்கு நேர் எதிரான ஒரு பிராணி மோட்டார் உலகில் இருக்கிறது. விசை கொஞ்சம், வேகம் ஏராளம். நிமிடத்திற்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்று சுழன்றால்தான் அதற்கு உயிர் வரும். பந்தயச் சாயல் கொண்ட கார்களிலும், இன்று நம் கல்லூரி வாசலில் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களிலும் இருப்பது இந்த இனம்தான். அதைப்பற்றி என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை. மலருக்குக் கவிதை கேட்ட ஆசிரியர் பொறுத்தருள்க.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு என் பெரியப்பா மகன் புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் நோக்கி வந்துகொண்டிருந்தேன். பின்னால் என் வகுப்புத் தோழன். முன்னால் ஒரு லாரி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நானும் ஆறாவது கியரில் சுகமாகப் பின்தொடர்ந்தேன். சாலை காலியாகத் தெரிந்ததும் வலப்பக்கம் எடுத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கினேன். வண்டி "ஊம்" என்று ஒரு முனகல் முனகியதே தவிர நகர மனமில்லாமல் நின்றது. லாரியும் நானும் ஏதோ சாமி ஊர்வலம் போவதுபோல் பக்கம் பக்கமாகப் போகிறோம். எதிரே வளைவில் ஒரு வேன் முளைக்கிறது. பிரேக்கைப் பிடித்து லாரியின் பின்னால் ஒதுங்குவதற்குள் எனக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. தோழன் வீடு சேரும்வரை பேசவில்லை.

அந்த வண்டியின் விளம்பரத்தில் குதிரைத்திறன் பெரிதாகத்தான் போட்டிருந்தது. அந்தக் குதிரைகள் அப்போது எங்கே போயிருந்தன?

மறுநாள் ஊரில் வண்டி பழுதுபார்க்கும் அண்ணனிடம் போய்க் குறை சொன்னேன். அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வண்டியில ஒண்ணும் இல்ல தம்பி. இதுக்குக் கீழ இழுவை கிடையாது, மேல போனா பறக்கும். புல்லட்டுல ஏறினவன் முடுக்கிட்டு அப்புறம் யோசிக்கலாம். இதுல ஏறினவன் முன்னாடியே யோசிச்சிருக்கணும்" என்றார். ஒரு பருவம் முழுக்க நான் படித்த இயக்கவியலை இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

பட்டறையில் இழுவை என்பதைத்தான் வகுப்பறையில் திருப்பு விசை என்கிறோம். எஞ்சின் தன் தண்டை எவ்வளவு வலுவாகத் திருகுகிறது என்பதன் அளவு அது. குதிரைத்திறன் என்பது அந்தத் திருகலையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே ஒரே திறனை இரண்டு வழியில் பெறலாம்: வலுவாக மெதுவாகத் திருகலாம், அல்லது இலேசாக வேகமாகத் திருகலாம். இதற்கு உதாரணம் தேடி ஜப்பானுக்குப் போகவேண்டியதில்லை. ராயல் என்ஃபீல்டு 1955இல் திருவொற்றியூரில் காலூன்றி, இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை நடத்துகிறது. யமஹாவுக்கும் அதே வல்லம் வடகாலில் ஆலை உண்டு. இரண்டு கொள்கைகளும் நம் பக்கத்து ஊரில் அண்டை வீட்டுக்காரர்கள்!

இன்றைய புல்லட் 350இன் உச்சத் திருப்பு விசை 27 நியூட்டன் மீட்டர், 4000 சுற்றில். யமஹா ஆர்15இன் நான்காம் பதிப்புக்கு அது 14.2 மட்டுமே, அதுவும் 7500 சுற்றில். சரிபாதி. ஆனால் பெருக்கிப் பாருங்கள்: 27ஐ 4000ஆல் பெருக்கினால் 1,08,000, 14.2ஐ 7500ஆல் பெருக்கினால் 1,06,500. ஏறக்குறைய ஒன்றே! புல்லட்டின் உச்சத் திறன் சுமார் 20 குதிரை, ஆர்15க்கு 18க்குச் சற்று மேல். எடையில் புல்லட் 195 கிலோ, மற்றது 140ஐ ஒட்டி. எனவே இருவரும் உயிரைக் கொடுத்து ஓட்டினால் புல்லட்காரர் பின்தங்கிப் புழுதிதான் குடிப்பார். இதைச் சொன்னால் புல்லட் வைத்திருக்கும் என் மாமாவுக்குக் கோபம் வருகிறது. வந்தாலும் கணக்கு கணக்குதான்.

பின் ஏன் புல்லட் "இழுக்கிறது" என்றும் மற்றது "இழுக்கவில்லை" என்றும் தோன்றுகிறது? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். உயர்சுற்று எஞ்சினுக்கு இழுவையே இல்லை என்பது தவறு. கியர் என்பது திருப்பு விசையைப் பெருக்கும் கருவி; வேகமாகச் சுழலும் எஞ்சினுக்குக் கியர் விகிதத்தைக் கூட்டிவைத்தால் சக்கரத்தில் வேண்டிய இழுவை கிடைத்துவிடும். கேள்வி, அந்த இழுவை எந்தச் சுற்றில் குடியிருக்கிறது என்பதுதான். லாரிக்குப் பின்னால் ஆறாவது கியரில் போன என் எஞ்சின் 4000 சுற்றில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வீடு 7500இல். நான் தட்டியது பூட்டிய வேறொரு கதவை.

அதற்கு ஏன் இரண்டு இடத்திலும் வீடு கட்டித் தரக்கூடாது என்று கேட்கலாம். காரணம் காற்று. சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று புகுகிறதோ அவ்வளவுதான் எரியும், அவ்வளவுதான் இழுக்கும். உயர்சுற்றில் காற்று உள்ளே போகக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப்பிலும் குறைவு. ஆகவே வால்வை நெடுநேரம் திறந்துவைக்கிறார்கள், பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும்கூட. வேகமாக வரும் காற்று தன் உந்தத்தாலேயே உள்ளே திணித்துக்கொள்ளும். அதே வால்வு கீழ்ச்சுற்றில் என்ன செய்யும்? மெதுவாக வந்த காற்றைப் பிஸ்டன் வந்த வழியே வெளியே தள்ளிவிடும். கூட்டம் அலைமோதும் சித்திரைத் தேர் நாளில் வாசலை அகலத் திறந்துவைப்பது சரி. வெறும் நாளிலும் அப்படியே வைத்தால் வந்தவர்கள் காற்றாட வெளியே போய் நிற்பார்கள், அவ்வளவுதான். அகன்ற காற்றுப்பாதை, குட்டையான ஸ்ட்ரோக், இலேசான ஃப்ளைவீல் என்று மற்றவையும் இதே பக்கம் சாய்ந்தவை. பழைய புல்லட்டுக்கு 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். ஃப்ளைவீலோ அம்மிக்கல் கனம்.

இந்த முரணைத் தீர்க்க ஹோண்டா எடுத்த முயற்சி அழகானது. ஒரே எஞ்சினில் இரண்டு வகைக் கேம்களை வைத்து, கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாற்றியது. 1999இல் வந்த அதன் எஸ்2000 காரில், இரண்டு லிட்டர் எஞ்சின் டர்போ துணையின்றி 250 குதிரைத்திறன் தந்தது. சிவப்புக் கோடு 9000 சுற்றில். கேம் மாறுவது ஏறக்குறைய 6000 சுற்றுக்கு மேல்தான். கீழே ஓட்டினால் சாதாரணக் கார், மேலே போனால் வேறு பிறவி. "கீழே ஒன்றுமே இல்லை" என்று குறைப்பட்டவர்கள் பலர். 2004இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் ஸ்ட்ரோக்கை நீட்டி 2.2 லிட்டராக்கி, சிவப்புக் கோட்டை எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு இறக்கினார்கள். உச்சத் திறன் ஏறக்குறைய அப்படியே இருந்தது. கீழே இழுவை கூடியது. ஊருக்குள் ஓட்டுபவர் மகிழ்ந்தார், ஒன்பதாயிரத்தின் பக்தர்களோ இன்றளவும் துக்கம் கொண்டாடுகிறார்கள். டொயோட்டா 86 என்ற காரிலும் இதே கதை. 2012இல் வந்தபோது நாலாயிரம் சுற்றை ஒட்டி இழுவையில் ஒரு பள்ளம். முடுக்கினால் நடுவழியில் கார் ஒரு கணம் யோசிக்கும். 2021இல் வந்த வாரிசுக்கு 2.4 லிட்டர் எஞ்சின் வைத்து, உச்ச இழுவையை 3700 சுற்றுக்கே கொண்டுவந்தார்கள். யாரும் அழுததாகத் தெரியவில்லை.

நம் மாவட்டத்திற்கும் இவ்வழக்கில் ஒரு பங்கு உண்டு. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையில் செய்த ஐகான் கார் 1999இல் வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், 106 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா சிட்டி விடெக்கா, ஐகான் 1.6ஆ என்று கார்ப்பிரியர்கள் ஓயாமல் வாதாடினார்கள். ஹோண்டா சுற்ற விட்டால் பாடும். ஐகான் கீழ்ச்சுற்றிலேயே இழுத்துக்கொண்டு ஓடும். காகிதத்தில் வென்றது முன்னது. ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் நெரிசலில் ஓட்டியவர்களிடம் கேட்டால் பதில் வேறாக வரும். ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் மறைமலை நகரில் கார் செய்வது நின்றுபோயிற்று. அது தனிக்கட்டுரைக்கான சோகம், இங்கே வேண்டாம்.

இனி என் கருத்து. உயர்சுற்று எஞ்சினை நான் வெறுக்கவில்லை. ஒரு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முன்னும் பின்னும் யாருமில்லாத நேரத்தில், அதே வண்டியை மூன்றாவது கியரில் எட்டாயிரம் சுற்று வரை விட்டுப்பார்த்தேன். மேலே போகப்போக அது கொடுத்துக்கொண்டே இருந்தது. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நூல் கட்டியதுபோல் ஒரு நேர் உறவு. புல்லட்டில் அந்த உறவு கிடையாது. அது இழுத்துப்போகும், நாம் உட்கார்ந்திருப்போம். சோழவரம் ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயம் ஓட்டியவர்கள் எதற்காக உயிரை வைத்தார்கள் என்பது எனக்கு அன்று கொஞ்சம் விளங்கியது. மின்சார மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவை தருகிறது, இந்தச் சிக்கலே இனி இல்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஏறிச்செல்ல ஒரு மலையே இல்லாத பயணம் அது. இந்தக் குறையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் பந்தயத்தடத்தில் எதிரே வேன் வராது. அங்கே ஓட்டுபவன் சுற்றைக் கீழே விடுவதே இல்லை. நம் சாலையோ வேகத்தடை, மாடு, நிறுத்தத்தில் பாதி உடம்பை நடுச்சாலையில் வைத்து நிற்கும் பேருந்து, இளநீர்க்காரர், ஊர் பார்க்க வந்து சாலை பார்க்காமல் நடப்பவர் என்று கணத்துக்குக் கணம் நம்மை இரண்டாயிரம் சுற்றுக்கு இறக்கிவிடும் சாலை. இங்கே தேவைப்படுவது, நினைத்த மாத்திரத்தில் வந்து கைகொடுக்கும் இழுவை. பத்தாயிரம் சுற்றில் உள்ள 18 குதிரைகளைப் பெரிய எழுத்தில் போட்டு விற்பவர்கள், மூவாயிரம் சுற்றில் எத்தனை குதிரை என்பதையும் அதே அளவு எழுத்தில் போடவேண்டும் என்பதே என் கட்சி. ஒரு சிறு வரைபடம் போதும். பி.எஸ்சி. படிக்காதவரும் புரிந்துகொள்வார். அந்தக் கோடு எங்கே படுத்திருக்கிறது, எங்கே எழுந்திருக்கிறது என்று தெரிந்து வாங்குபவன் என்னைப்போல் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்று விழிக்கமாட்டான்.

"கியரை இறக்கத் தெரியாதவன் வண்டியைக் குறை சொல்கிறான்" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். நியாயமான சிரிப்புத்தான். இரண்டு கியர் இறக்கியிருந்தால் அன்று வண்டி பாய்ந்திருக்கும். ஆனால் அந்த வண்டியை வாங்கும் பத்தொன்பது வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு யாராவது உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போடச் சொன்னார்கள், போட்டேன். சுற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அண்ணன் வண்டியை இன்னும் எப்போதாவது வாங்கி ஓட்டுகிறேன். அந்த வளைவுக்கு முன்னால் லாரி இருந்தால், வலப்பக்கம் எட்டிப்பார்ப்பதற்கு முன்பே ஆறிலிருந்து நான்குக்கு இறக்கிவிடுகிறேன். எஞ்சின் கத்துகிறது. பின்னால் உட்காரும் தோழனும் இப்போது பேசுகிறான். பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்துபோகிறதென்று பெரியப்பா மகன்தான் சந்தேகப்படுகிறான்.