துகாராம் வழியாக வந்தவர்

ஞாயிறு மாலை. கோவண்டி ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சால் வீடு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து நாற்பது வருஷமான குடும்பம். ஜெபக்கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரியவர்கள் கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள். பேரன் கையில் அதே பாட்டு, ஆங்கில எழுத்தில் எழுதிய தாளில். ‘ழ’ வந்த இடமெல்லாம் தடுமாறினான். அடுத்து, பக்கத்து வீட்டு மராட்டிப் பெண்மணி தாளத்தைத் தட்டி ஒரு பஜனை எடுத்தார். பையன் தாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கூடவே பாடினான்.

பாட்டி என் பக்கம் குனிந்து கேட்டார்: “தம்பி, இது நம்ம பாட்டா, அவுக பாட்டா?”

பாட்டை எழுதியவர் நாராயண் வாமன் திலக். லோகமான்ய திலகர் வேறு. ஆனால் இவரும் ரத்னகிரி மாவட்டத்துச் சித்பாவன் பிராமணர்தான். 1861இல் கரஜ்காவ் கிராமத்தில் பிறந்தவர். சமஸ்கிருதம் படித்தார், கவிதை எழுதினார், எந்த ஊரிலும் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. 1893இல் ராஜ்நந்த்காவுக்கு ரயிலில் போகும்போது, உடன் வந்த ஐரோப்பியர் ஒருவர் புதிய ஏற்பாட்டைக் கையில் கொடுத்தார். அவர் யார் என்பது திலக்குக்குக் கடைசி வரை தெரியாது. 1895 பிப்ரவரி 10 அன்று பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு அமெரிக்க மராட்டி மிஷனில் சேர்ந்து அகமத்நகரில், அதாவது இன்றைய அஹில்யாநகரில், குடியேறினார்.

அந்நாளில் மராட்டி சபைகளில் பாடிவந்தவற்றில் பெரும்பகுதி ஆங்கிலப் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு. மெட்டும் அங்கிருந்தே வந்தது. மொழிபெயர்ப்பே என் பிழைப்பு என்பதால் அந்த அவஸ்தை எனக்குத் தெரியும். வெளியூர் மெட்டுக்குள் நம் சொல்லைத் திணித்தால் குறில் நிற்க வேண்டிய இடத்தில் நெடில் நிற்கும். பாடுகிறவர் பக்தியால் பொறுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

திலக் துகாராமின் அபங்கத்தையும் ஞானேஸ்வரரின் ஓவி யாப்பையும் எடுத்துக்கொண்டார். கோயில் முற்றத்துக் கீர்த்தனத்தையும் சபைக்குள் கொண்டுவந்தார். யாப்போடு உறவுமுறையும் வந்துவிட்டது. வார்க்கரி பக்தர்கள் விட்டோபாவைத் தாயே என்று அழைப்பார்கள். திலக் கிறிஸ்துவைத் தாய் என்றும் குரு என்றும் அழைத்தார். துகாராம் என்ற பாலத்தின் மேல் நடந்தே கிறிஸ்துவிடம் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மராட்டி சபைகளின் ‘உபாசனா சங்கீத்’ பாட்டுப் புத்தகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவை அவருடையவை.

இந்தப் பாலத்துக்குச் சுங்கம் கட்டியவர் வேறொருவர். மனைவி லக்ஷ்மிபாய்.

பதினொரு வயதில் கல்யாணம். ஆசாரம் தவறாத குடும்பம். கணவர் மதம் மாறிய செய்தி பிறகுதான் வந்து சேர்ந்தது. ஐந்து வருஷம் போலப் பிரிவு. திரும்பிச் சேர்ந்த பிறகும் சமையலும் தண்ணீரும் சில காலம் தனித்தனியாகவே இருந்தன. கணவர் சொல்லி அல்ல, தன் மனசுக்குள் ஜாதி கழன்று விழுந்த பிறகே, 1900இல், அவர் ஞானஸ்நானம் பெற்றார். பள்ளிக்கூடம் போகாத இந்தப் பெண் எழுதிய ‘ஸ்மிருதிசித்ரே’ 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. மராட்டியில் தன் வரலாறு என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வரும் புத்தகங்களில் ஒன்று. கோபக்காரர், சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுப் போகிறவர், கையில் இருப்பதை யாருக்காவது கொடுத்துவிட்டு வருகிறவர் என்று கணவரைச் சிரிப்போடுதான் எழுதுகிறார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அடுப்பு எரியாத நாட்கள் இருக்கின்றன. திலக்கின் பாட்டை மட்டும் படித்தவர்கள் திலக்கில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. இயற்கையைப் பாடிய இளம் கவிஞர் பால்கவியும் அகமத்நகரில் இந்த வீட்டில் சில காலம் தங்கியிருந்தவர்தான்.

1917இல் திலக் மிஷனை விட்டு விலகினார். சாதாராவில் ‘தேவாச்சா தர்பார்’ தொடங்கினார். ஞானஸ்நானம் பெற்றவரும் பெறாதவரும் கிறிஸ்துவின் சீடராகச் சேர்ந்து வாழலாம் என்பது எண்ணம். அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1919 மே 9 அன்று பம்பாயில் இறந்தார். பாதியில் நின்ற ‘கிறிஸ்தாயன’ காவியத்தின் பெரும்பகுதியை எழுதி முடித்ததும் லக்ஷ்மிபாய்தான். 1936இல் அவரும் மறைந்தார்.

பாட்டியிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நினைவூட்டினேன். குறவஞ்சியையும் கும்மியையும் சபைக்குள் கொண்டுவந்தவர். அவரை ஆதரித்த சரபோஜி மன்னர் மராட்டியர்தான். நம் ஊர் ஹரிகதையே தஞ்சாவூருக்கு வந்த மராட்டிக் கீர்த்தனத்திடம் பாடம் கேட்டது என்றேன். பாட்டி சற்று யோசித்தார்.

“அதெல்லாம் சரி தம்பி. இதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க. நானும் அவன்கூடப் பாடணும்ல.”

ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன். அபங்கத்தில் ஓர் அடிக்கு நான்கு துண்டு. முதல் மூன்றில் ஆறாறு எழுத்து, நான்காவதில் நான்கு. இரண்டாம் மூன்றாம் துண்டுகள் முடிவில் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும். நம் காதோ அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில், எதுகையைத் தேடுகிறது. எதுகை வைத்தால் தாளம் நழுவுகிறது. தாளத்தைப் பிடித்தால் வெளியூர் மெட்டுக்குச் சொல்லை அடைத்தவர்களின் வேலையையே நானும் செய்கிறேன். மூன்று வாரத்தில் இரண்டு அடி தேறியிருக்கிறது. பாட்டிக்குத் தமிழ் எழுத்தில் ஒரு தாள், பேரனுக்கு நாகரி எழுத்தில் ஒரு தாள் என்று எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு எடுத்துப் போக வேண்டும்.