மூன்று வார விடுமுறையில் ஒரு வீடு

யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு வாங்குவதற்கு எவ்வளவு காலம் வேண்டும்? இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகின்ற நம்மவர் பலர் மனதில் வைத்திருக்கும் விடை மூன்று வாரம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து வீட்டைப் பார்த்து, தேர் முடிந்ததும் உறுதியோடு விமானம் ஏறிவிடலாம் என்று தரகர்கள் சொல்கின்றார்கள். இதனை நான் முற்றாக மறுக்கின்றேன்.

கையொப்பமிடுவதற்கு ஒரு பிற்பகல் போதும் என்பது உண்மையே. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது எழுத்திலான உறுதி, ஒரு நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள். ஆனால் அந்த உறுதியால் வாங்குபவருக்குக் கிடைப்பது விற்பவரிடம் இருந்த உரிமை மட்டுமே. அவரிடம் ஒன்றுமில்லையெனில் இவருக்கும் ஒன்றுமில்லை. காணிப் பதிவகத்தில் பதிவாவது உறுதியே தவிர உரித்து அன்று. உரித்தையே பதிவதற்கென 1998 இல் சட்டம் இயற்றப்பட்டு, 2007 இல் 'பிம்சவிய' என்ற பெயரில் வேலை தொடங்கியது. இத்தனை ஆண்டுகளின் பின்னரும் அது நாடு முழுவதையும் எட்டவில்லை. அதுவரை உரித்தைத் தேடும் சுமை வாங்குபவரின் தலையில்தான்.

குறைந்தது முப்பது ஆண்டுகளுக்காவது பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். வடக்கில் அந்த முப்பது ஆண்டுகளுக்குள் போரும் இடம்பெயர்வும் அடங்கும். சீதன உறுதியா, நன்கொடை உறுதியா, ஈடு மீட்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் விற்பதாயின் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்குக் காணியாயின், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஏனைய பங்காளிகளுக்கு வாங்குவதில் முன்னுரிமை உண்டு. நில அளவையாளர் எல்லைகளை அளக்க வேண்டும். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் உறுதியில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சிக்கலில்லாத வீட்டுக்கே மூன்று மாதம் ஒதுக்குங்கள் என்பேன். உரித்தாளிகள் நான்கு நாடுகளில் சிதறியிருந்தால் ஓராண்டும் போதாது.

இந்த அவசரத்தால் யாருக்கு இலாபம்? உரித்துத் தெளிவாக உள்ள உரிமையாளர் காத்திருக்கத் தயங்கமாட்டார். காத்திருக்க முடியாதவர்கள் தரகுக்காரரும், அற்றோர்னித் தத்துவம் ஒன்றைக் காட்டி விற்க வருபவருமே. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எத்தனை பேர் விசாரிக்கின்றோம்? நீங்கள் அவசரமாக வாங்கும் வீட்டின் உண்மையான உரிமையாளர், பாரிஸிலோ ஒஸ்லோவிலோ உங்களைப் போலவே ஊர் திரும்பும் நினைவோடு வாழும் இன்னொரு தமிழராக இருக்கலாம். அவருடைய வீட்டை அவருக்குத் தெரியாமல் வாங்கிவிட்டு, நம் காணிகளைப் பிறர் பறிக்கிறார்கள் என்று மேடையில் முழங்க நமக்கு என்ன தகுதி உண்டு?

இன்னொன்று. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கின்றது. விதிவிலக்குப் பெற்றவர்களுள் இரட்டைக் குடியுரிமையாளரும் அடங்குவர். அந்தக் குடியுரிமையைப் பெறுவதற்கும் காலம் செல்லும். அதற்குப் பொறுமையின்றி மைத்துனரின் பெயரில் வாங்குபவர்கள், பணம் தம்முடையது, உறுதி மைத்துனருடையது என்பதைக் குடும்பத்தில் முதல் பிணக்கு எழும்போதுதான் உணர்கின்றார்கள்.

ஆகவே முதற்பயணத்தில் வீட்டைப் பாருங்கள், உறுதி எழுதாதீர்கள். தரகர் அழைத்துவரும் நொத்தாரிசை விட்டு, நீங்களே ஒருவரைத் தெரிந்தெடுங்கள். முத்திரை வரியாக முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4 என்று பணம் ஒதுக்குங்கள். எழுதிய உறுதியை உடனே பதியுங்கள். பிந்தி எழுதி முந்திப் பதிந்த உறுதி, பதியாமல் பெட்டியில் கிடக்கும் உங்கள் உறுதியை வென்றுவிட 1927 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடமளிக்கின்றது.

தேடல் முடியுமுன் விடுமுறை முடிந்துவிட்டால், வாங்காமலே விமானம் ஏறுங்கள். நல்லூரில் அடுத்த ஆண்டும் கொடி ஏறும்.