புற்றுநோய்க்கெனத் தனிப் பாலிஸி அவசியமா?

அறுவடை முடிந்து குடியானவர் கையில் சிறிது ரொக்கம் புரளும் காலத்தில் கிராமங்களை நாடி வருவோரில் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டுகளும் ஒரு சாரார் ஆவர். சில வருஷங்களாக இவர்கள் புற்றுநோய்க்கென்றே ஏற்பட்ட தனிப் பாலிஸியைப் பற்றி மிகுதியாகப் பேசி வருகின்றனர். அதை எடுப்பதா, விடுவதா என்று நிலச் சொந்தக்காரர் பலர் ஐயுறுகின்றனர். வயலில் விளைந்த பணம் செலவாகும் விஷயமாதலின், இதனை இப்பத்திரிகையில் ஆராய்வது பொருத்தமேயாகும்.

முதற்கண் இக்கேள்வி யாருக்குரியது என்பதை அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் வருஷ வருமானம் ரூ. 1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்படி வருஷம் ஒன்றுக்கு ரூ. 5 லட்சம் வரையில் சிகிச்சை கிடைக்கின்றது. புற்றுநோய்ச் சிகிச்சைகள் பலவும் இதில் அடங்கும். இதற்குக் குடும்பத்தார் பிரீமியம் செலுத்த வேண்டுவதில்லை. வருமானச் சான்று மட்டும் வேண்டும். அச்சான்றை வழங்கும் கிராம நிர்வாக அலுவலர்கள், தகுதியிருந்தும் அட்டை பெறாதிருக்கும் குடும்பங்களை நோய் வருமுன்னரே கண்டறிந்து பதியச் செய்வார்களாயின், அதனினும் பெரிய உபகாரம் வேறில்லை. அவ்வரம்பிற்குச் சற்று மேற்பட்டு, ஐந்தாறு ஏக்கர் நிலத்தை மட்டும் நம்பி வாழும் குடும்பமே இடையில் அகப்பட்டுத் தவிக்கின்றது. இக்கட்டுரை பெரும்பாலும் அவர்களைக் கருதியே எழுதப்படுவதாகும்.

இனி, பாலிஸியின் தன்மையைப் பார்ப்போம். பொதுவான மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் என்பது எந்த வியாதியானாலும், ஆஸ்பத்திரியில் ஆகும் செலவை ஒரு வரம்பு வரையில் ஏற்றுக்கொள்வது. புற்றுநோய்ப் பாலிஸியோ, அந்நோய் கண்டதாக வைத்திய பரீட்சையில் ருசுவானால், முன்னரே குறித்த ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது. ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு, வேறு பாலிஸி உண்டா என்னும் கேள்விகள் அதற்கில்லை. நோயாளியுடன் பட்டணத்தில் தங்கும் செலவுக்கும், போக்குவரத்துக்கும், சாகுபடிக்கு ஆள் வைக்கும் கூலிக்கும் அப்பணம் உதவும். இது அப்பாலிஸியின் மெய்யான நன்மை. இதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், ஒரு நோய்க்கு மட்டும் காப்புத் தேடுதல், புகையானுக்கு மட்டும் பயிரை இன்ஷ்யூர் செய்துவிட்டு வெள்ளத்தையும் வறட்சியையும் மறந்திருப்பது போன்றதாகும். மாரடைப்பும், சிறுநீரக நோயும், டிராக்டர் விபத்தும் புற்றுநோய்க்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. ஆகவே, கையிலிருக்கும் பணம் ஒரு பாலிஸிக்குத்தான் போதுமெனில், அது குடும்பம் முழுமைக்குமான பொது மருத்துவப் பாலிஸியாகவே இருத்தல் வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். அது இல்லாதவர் புற்றுநோய்ப் பாலிஸி வாங்குதல், கரையை அடைக்காமல் மடையை மட்டும் அடைப்பதற்கு ஒப்பாகும்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்குக் குடியானவர் செலுத்துவது காப்புத் தொகையில் நூற்றுக்கு 1½ ரூபாய்தான். மிச்சத்தை மத்திய, மாகாண சர்க்கார்கள் ஏற்கின்றன. தனிப் பாலிஸியிலோ முழுப் பிரீமியமும் நம் கைப்பொருளே. 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிஸிகளின் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது சிறிது ஆறுதல். எனினும், விளைச்சல் பொய்த்த வருஷத்திலும் தவறாமல் கட்டக்கூடிய தொகைதானா என்று எண்ணித் துணிவதே அறிவுடைமை. தவணை தவறிக் காலாவதியான பாலிஸியால் பயனில்லை.

அங்ஙனமாயின் யார் எடுக்கலாம்? பொதுப் பாலிஸி முன்னரே உடையவர். நெருங்கிய இரத்த உறவினர் இந்நோயால் பீடிக்கப்பட்டவர். நீண்டகாலம் புகையிலை பழகியவர். தாம் படுக்கையில் விழுந்தால் சாகுபடியை நடத்த வேறொருவர் இல்லாதவர். இவர்களுக்கு இது வீண் செலவன்று. நகையையோ நிலத்தையோ விற்காமல் ஒரு வருஷ காலம் சமாளிக்கப் போதிய சேமிப்புள்ளவர்களுக்கு அவ்வளவு அவசியமும் அன்று.

எடுப்பதென்று தீர்மானித்தால் பத்திரத்தை ஒரு முறைக்கு இருமுறை படிக்க வேண்டும். இவ்வகைப் பாலிஸிகளில் ஆரம்பத்தில் 90 நாளோ 180 நாளோ காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் நோய் கண்டால் பணம் கிடையாது. ஆரம்ப நிலைப் புற்றுக்கு முழுத் தொகையும் கொடாமல் ஒரு பகுதியே கொடுப்பதும் உண்டு. பல கொடிய நோய்களுக்கு ஒருங்கே ஏற்பட்ட பாலிஸிகள் பலவற்றில், பரவாத ஆரம்ப நிலைப் புற்றுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது உண்மையை மறைக்காதிருத்தல். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மனைவியாரின் மார்பில் முன்னரே ஒரு கட்டி இருந்தது. ஏஜெண்டு விண்ணப்பத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று தாமே நிரப்பினார். கணவர் படியாமலே கையொப்பமிட்டார். பின்னர் நோய் ருசுவானபோது கம்பெனி பணம் கொடுக்க மறுத்தது. ஆற்றுப் பாசனமுள்ள ஒரு ஏக்கர் கைமாறிற்று. ஏஜெண்டின் பேச்சு ஒருநாளும் பத்திரமாகாது, கையொப்பமிட்டவரே பொறுப்பாளி.

பாலிஸி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், திருப்தியில்லையெனில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். நியாயமின்றிக் கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிட்டு, ஒரு மாதத்தில் தக்க பதில் வராதபோது, சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் ஓம்பட்ஸ்மனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டுவதில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. பாலிஸி பணத்தைத் தருமேயன்றி நோயைத் தடுக்காது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றிய காலத்திற்கும் இன்றைக்கும் வைத்தியம் வெகுதூரம் வளர்ந்துள்ளது. ஆயினும் முற்றிய பின் வருவோருக்குக் குணமாவது இன்றும் அரிதே. வாய், மார்பு, கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றை ஆரம்பத்திலேயே கண்டறியும் பரிசோதனை, 30 வயது கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செலவின்றிச் செய்யப்படுகின்றது. வீட்டுப் பெண்டிரை அங்கு அழைத்துச் செல்ல ஒரு காலைப்பொழுது போதும். புகையிலையை விடுவதற்கோ பிரீமியமே இல்லை. களையை முளையிலேயே எடுக்க அறிந்த குடியானவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. பரிசோதனை முதலாவது, பொதுப் பாலிஸி இரண்டாவது, கைப்பொருள் இடங்கொடுத்தால் தனிப் பாலிஸி மூன்றாவது. இந்த வரிசை மாறாதிருத்தலே குடும்பத்திற்கும் நிலத்திற்கும் க்ஷேமம்.