செவியில்லாத் தூது

தூது என்பது தமிழர்க்குப் புதிய பொருளன்று. வள்ளுவர் அதற்கெனத் தனியோர் அதிகாரமே வகுத்தார். தூதர்க்கு வேண்டும் இயல்புகளுள் அன்பையே முதற்கண் வைத்தார். அமெரிக்க அரசோ தன் பரப்புரைக்கு 'மக்கள் தூது' என்று பெயர் சூட்டியது. பெயரை மாற்றினால் பொருளும் மாறிவிடும் என்று எண்ணுவோர் எந்நாட்டிலும் உளர் போலும்!

அத்தூதிற்கு 2005-இல் தலைமையேற்றவர் காரென் இயூசு அம்மையார். தொலைக்காட்சிச் செய்தியாளராக வாழ்வைத் தொடங்கிய அவர், 1994-இல் புசு தெக்சாசு மாநில ஆளுநர் தேர்தலில் நின்ற காலந்தொட்டு அவர்தம் நிழலாய் இருந்தவர். தலைவர் எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லாது விடவேண்டும் என்று வரையறுப்பதே அவர் தொழில். 2001-இல் வெள்ளை மாளிகைக்குள்ளும் அத்தொழில் புகுந்தது. 2002-இன் இடையில் குடும்பத்தின் பொருட்டு அவர் ஊர் திரும்பினார். ஆயினும், ஈராக்குப் போர்க்கு மக்கள் மனத்தை அணியப்படுத்த அதே ஆண்டில் அமைந்த குழுவில் அவர் பெயரும் உண்டு. 2003 மார்ச்சில் படை புகுந்தது. அவர்கள் பறையறைந்த பேரழிவுப் படைக்கலக் குவியல் அங்கு இல்லை என்பதை 2004-இல் அமெரிக்க ஆய்வுக்குழுவே உரைத்தது.

போர்க்குச் சொல் வடித்த பட்டறையிலிருந்தே புண்ணுக்கு மருந்திடவும் ஆளெடுத்தனர்! இவர்க்கு முன் அப்பொறுப்பில் அமர்ந்தோருள் ஒருவர் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர் என்பதையும் நோக்குக. கடைச்சரக்கும் நாட்டின் மானமும் அவர்க்கு ஒன்றே.

2005 செபுதம்பரில் அம்மையார் எகித்து, சவுதி அரபு, துருக்கி நாடுகட்குச் சென்றார். 'கேட்டறியும் செலவு' என்று அதற்குப் பெயர். நடந்ததோ வேறு. சித்தா நகரின் மகளிர் கல்லூரியில், சவுதிப் பெண்கள் சீருந்து ஓட்டும் நாளைத் தாம் எதிர்நோக்குவதாகக் கூறினார். மாணவியரோ, தாங்கள் மகிழ்வாகவே வாழ்வதாகவும், அமெரிக்கர் தங்களைப் பற்றித் தீட்டும் ஓவியம் பிழையென்றும் விடையிறுத்தனர். அவ்வுரிமை வேண்டத்தக்கதே, 2018-இல் கிட்டியும் விட்டது. ஆயின் கேட்க வந்தவர் தாமே முந்திப் பேசியது ஏன்? அங்காராவில் பெண்ணுரிமையாளர்கள் ஈராக்குப் போரையே முகத்துக்கு நேர் எடுத்து வைத்தனர். போரை மாற்றும் ஆற்றல் தூதர்க்கு இல்லை. அதற்கு அணிசெய்யும் கடமையே அவர்க்கு இருந்தது.

கேட்டற்கு முதற்கருவி மொழி. இசுலாமிய நாடுகளில், மொழியறிவு கட்டாயமென வரையறுத்த மக்கள் தூது இடங்களில் இருந்தோருள் நூற்றுக்கு 30 பேர் வேண்டிய அளவு அவ்வறிவு பெறாதவர் என்று 2006-இல் அமெரிக்கப் பேராயத்தின் தணிக்கை அலுவலகமே எழுதியது. ஒரு மக்களின் மொழியைக் கல்லாமல் அவர் நெஞ்சை வெல்லப் புறப்படுவது எத்துணைச் செருக்கு! அம்மையார் துபாயில் அரபு வல்லாரை அமர்த்தியது உண்மை, அது நன்றே. ஆனால் அவர்கட்கு இட்ட பணி அரபுத் தொலைக்காட்சிகளில் பேசுவது.

அமெரிக்க நாட்டைப் பற்றி நல்லெண்ணம் உடையோர் துருக்கியில் 2005-இல் நூற்றுக்கு 23 பேர் என்றது பியூ ஆய்வகம். 2007-இல் 9 பேர். அவ்வாண்டின் இறுதியில் அம்மையார் பொறுப்பினின்று விலகினார். 2008-இல், வணிக நிறுவனங்களின் நற்பெயரைக் கூலிக்குக் காக்கும் நிறுவனம் ஒன்றில் உயர்பொறுப்பேற்றார்.