உயிர்நூல் விழைவோரும் கலாசாலைத் தேர்வும்

ஆண்டுதோறும் கோடை விடுமுறை அணுகுங்கால், நம் கலாசாலை மாணவரை நோக்கி அவர்தம் இல்லத்தாரும் ஊராரும் வினவும் வினா ஒன்றுண்டு. உயிர்நூற் பிரிவிற் பயின்ற எங்கள் பிள்ளை எக்கலாசாலையிற் சேரலாம் என்பதே அது. இதற்கு ஒரு பெயரை மட்டும் விடையாகக் கூறிவிடுதல் தகாது என்பதும், அப்பிள்ளையின் ஆற்றலும் குடும்பத்தின் நிலையும் அறிந்து வகுத்த ஒரு பட்டியலே தக்க விடையாகும் என்பதும் எமது கருத்து.

உயிர்நூல் கற்பார் யாவரும் வைத்தியராதற்கே கற்கின்றனர் என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றி நிற்கின்றது. 2024 ஆம் ஆண்டில் நீட் பரீட்சை எழுதினோர் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவ்வாண்டில் நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஓர் இலட்சத்தைச் சற்றே கடந்தவை. இவற்றுள் ஏறக்குறையப் பாதி தனியார் கலாசாலைகளைச் சார்ந்தவை. அவற்றின் கட்டணம் எளியோர்க்கு எட்டாதது. வைத்தியராக முயலுதலை யாம் பழிக்கின்றோமல்லேம். அஃது உயர்ந்த தொழிலே. ஆயின், ஒரே வரியுள்ள பட்டியலை வைத்துக்கொண்டு, அது கைகூடாதபோது ஓராண்டும் ஈராண்டும் பயிற்சி நிலையங்களிற் பொருளையும் இளமையையும் செலவிட்டு, ஈற்றில் மனமுடைந்து நிற்கும் நிலையையே யாம் வருந்தத்தக்கதென்கின்றோம்.

உயிர்நூல் மருத்துவத்தினும் அகன்றது. எம். எஸ். சுவாமிநாதனைக் குடும்பத்தார் வைத்தியராக்க விரும்பினர். அவரோ திருவனந்தபுரம் மகாராஜா கலாசாலையில் விலங்கு நூல் பயின்று, 1943 ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தால் உள்ளங் கலங்கி, கோயமுத்தூர் வேளாண்மைக் கலாசாலையைத் தேர்ந்தார். சானகி அம்மாள் சென்னையில் இராணி மேரி கலாசாலையிலும், பின்னர் மாநிலக் கலாசாலையிலும் தாவர நூல் கற்று, 1931 ஆம் ஆண்டில் மிச்சிகன் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டம் பெற்று, கோயமுத்தூரில் கரும்பினத்தை ஆராய்ந்தார். இவ்விருவரும் நோயாளியின் நாடி பார்த்தவரல்லர். ஆயினும் அவர்தம் கல்வி மக்களுக்குப் பயன்பட்டது.

நிற்க. பட்டியலை மூன்று பகுதியாக வகுத்தல் நலம். முதற் பகுதி, முயன்றால் எட்டக்கூடியனவும் எட்டாமற் போகக்கூடியனவும் ஆகிய இடங்கள். மருத்துவக் கலாசாலைகளுடன், புனே, திருப்பதி, திருவனந்தபுரம் முதலிய ஏழிடங்களில் உள்ள ஐசர் நிலையங்களும் இதிற் சேரும். ஐசர் நுழைவுப் பரீட்சையின் 60 வினாக்களில், உயிர்நூல், இரசாயனம், பௌதிகம், கணிதம் ஒவ்வொன்றுக்கும் 15 வினாக்கள் உள. பள்ளியிற் கணிதத்தைக் கைவிட்டவர் இதனை முன்னரே அறிதல் வேண்டும். விண்ணப்பங்களும் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவு வெளிவருமுன்னரே தொடங்கிவிடுகின்றன. முடிவு வந்தபின் தேடுவோர் வாயில் அடைக்கப்பட்டிருக்கக் காண்பர்.

இரண்டாம் பகுதி, தம் மதிப்பெண்ணுக்கு ஒத்த இடங்கள். வேளாண்மை, கால்நடை வைத்தியம், மீன்வளம் ஆகிய படிப்புகளில் தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டவை. 2021 ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்க்கு இவற்றில் 7.5 விழுக்காட்டு முன்னுரிமையும் உண்டு. முந்திய ஆண்டில் தம் பிரிவிற் கடைசியாக இடம்பெற்றவரின் மதிப்பெண் யாதென நோக்கி, தம் மதிப்பெண்ணை அதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். ஆசையைக்கொண்டு அளத்தல் ஆகாது.

மூன்றாம் பகுதி, ஐயமின்றிக் கிடைக்கும் இடங்கள். அரசுக் கலைக் கலாசாலைகளுக்குப் பொது விண்ணப்பம் ஒன்றுண்டு. உதவி பெறும் கலாசாலைகளோ தனித்தனி விண்ணப்பமும் தனித்தனி இறுதி நாளும் உடையன. பலர் இப்பகுதியை ஏனோதானோவென நிரப்புகின்றனர். எமது கருத்தில் மிக்க கவலையுடன் நிரப்பவேண்டிய பகுதி இதுவே. ஏனெனின், பெரும்பாலார் சென்று சேருமிடம் இது. சேர மனமில்லாத ஓரிடத்தைக் காப்பிடமென எழுதிவைத்தல், பட்டியலே இல்லாமைக்கு ஒப்பாகும்.

இப்பகுதிக்குரிய கலாசாலையை நேரிற் சென்று காண்க. மாணவர் ஒவ்வொருவர் கையிலும் நுண்பெருக்கி கிட்டுகின்றதா? உலர் தாவரத் தொகுப்பும் விலங்குக் காட்சிசாலையும் தூசி படிந்து கிடக்கின்றனவா, பாடத்துக்குப் பயன்படுகின்றனவா? ஆசிரியர் மாணவரைக் களத்துக்கு அழைத்துச் செல்கின்றனரா? உயிர்நூலின் சோதனைச்சாலை நான்கு சுவர்களுக்குள் அடங்குவதன்று. தூத்துக்குடியிற் பயில்வோர்க்கு மன்னார் வளைகுடா அண்மையிலுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையடியிற் பயில்வோர்க்குக் காடே பாடநூல். கடலுயிர்களை ஆராய விழைவோர், பின்னாளிற் சேர்தற்குரிய அண்ணாமலை சர்வகலாசாலையின் பரங்கிப்பேட்டை நிலையத்தையும் இப்போதே மனத்திற் கொள்ளலாம்.

பொருளையும் மறத்தலாகாது. படிப்புக் கட்டணத்துடன் விடுதி, வழிச்செலவு, சோதனைச்சாலைக் கட்டணம் ஆகியவற்றையும் மூன்றாண்டுக்குக் கூட்டிப் பெற்றோருடன் ஒருங்கிருந்து கணக்கிடுக. அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு மாதம் ரூ.1,000 உதவும் புதுமைப்பெண் திட்டம் 2022 ஆம் ஆண்டிலும், தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இத்தகைய உதவிகளை உசாவி அறிதல் கடன். படிப்பின் பெயரிலுள்ள பகட்டுக்காகக் கடன்படுதல் வேண்டா. விலங்கு நூலோ தாவர நூலோ செம்மையாகக் கற்றவர், ஐ.ஐ.டி.களின் ஜாம் பரீட்சை எழுதி உயிர்த் தொழில்நுட்பத்தில் முதுநிலைக் கல்வி பெற வழியுண்டு. முதற் கலாசாலையே முடிந்த கலாசாலை அன்று.

இங்ஙனம் பட்டியல் வகுத்தல் பிள்ளைகளின் ஊக்கத்தைக் குறைக்கும் எனச் சிலர் கூறுவர். யாம் அதனை உடன்படேம். விழுந்தாலும் நிற்க நிலமுண்டு என்று அறிந்தவனே அஞ்சாது மரமேறுவான். தோற்றாற் போக்கிடமில்லை என்னும் அச்சம் கல்விக்குத் துணையன்று. அதனாற் கெட்ட இளைஞர் பலர்.

ஆதலின், நண்பர்காள், இவ்விடுமுறையில் உம் தம்பியோ தங்கையோ உம்மை வினவின், ஒரு பெயரைச் சொல்லி அகலாதீர். தாளும் எழுதுகோலுமாக உடனிருந்து, ஏழெட்டுப் பெயர்களை மூன்று பகுதியாக எழுதுவித்து, ஒவ்வொன்றன் எதிரேயும் இறுதி நாளையும் செலவையும் குறிப்பியுங்கள். கற்றோர் தம் வீட்டுக்குச் செய்யத்தக்க உதவிகளுள் இதனினும் எளியதும் பயனுடையதும் சிலவே.