ஷெட்டில் தூங்கும் தாத்தா கார்

திருச்சியிலிருந்து மதுரை நோக்கிக் காரில் போகிறவர்கள், விராலிமலையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கொடும்பாளூர் பெயர்ப் பலகையைக் கடந்திருப்பார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் மட்டும் “அட, வானதி ஊரு!” என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். வண்டியைத் திருப்பி ஊருக்குள் போனால் மூவர் கோயில் இருக்கிறது. இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்று, தேவியர் இருவர் பெயரில் இரண்டு என மூன்று விமானங்களை எழுப்பியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. இப்போது நிற்பவை இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம்.

கூட வருகிற குழந்தைகள் யாராக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்பார்கள். “பக்கத்துலேயே ரெண்டு இருக்கே... அதைப் பார்த்து மூணாவதையும் கட்டிட வேண்டியதுதானே?”

நியாயமான கேள்விதான். ஆனால், மூன்றாவது விமானம் சரியாக எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. ஊகத்தில் கட்டினால் அது நம் காலத்துக் கோயிலாகிவிடும், விக்கிரமகேசரியின் கோயிலாக இருக்காது. பழைய கட்டடங்களைப் பராமரிப்பது பற்றி 1964-ல் வெனிஸ் நகரில் கூடிய நிபுணர்கள் ஒரு சாசனம் எழுதினார்கள். ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே புதுப்பிக்கும் வேலை நின்றுவிட வேண்டும் என்பது அதில் முக்கியமான விதி.

இந்தக் கதைக்கும் கார் ஷெட்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ‘ஃபீவா’ அந்த வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாக வைத்துத்தான் கார்களுக்கென்று ‘டுரின் சாசனம்’ ஒன்றைப் பிற்பாடு உருவாக்கியது. கோயிலுக்குச் சொன்னதைக் காருக்கும் சொன்னார்கள். இருப்பதைக் காப்பாற்று. மாற்றியே ஆக வேண்டுமென்றால், திரும்பப் பழையபடி ஆக்கும் விதத்தில் மாற்று. செய்ததை எல்லாம் எழுதி வை.

சாசனம் கிடக்கட்டும், வீட்டுக்கு வருவோம். புதுக்கோட்டை, செட்டிநாடு, தஞ்சாவூர்ப் பக்கம் பழைய வீடுகளின் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அம்பாசிடர், பியட், ஹெரால்டு, மோரிஸ் மைனர் என ஏதோ ஒன்று. தாத்தா ஓட்டியது. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போது மட்டும் அந்தப் பேச்சு வரும். “இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, வித்துடலாம்” என்பார் அப்பா. “அவர் கை பட்ட வண்டிடா” என்று பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்ஜினீயரிங் படிக்கும் பேரனுக்கோ வேறு கனவு. “பழைய இன்ஜினைத் தூக்கிட்டுப் புது டீசல் இன்ஜின், அலாய் வீல், ஏ.சி... செம மாஸா இருக்கும்பா!” நடுவில் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

பேரனின் ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. காரைத் தன் விருப்பத்துக்கு மாற்றுவது, கார் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிற பழக்கம். ரோல்ஸ் ராய்ஸ் இரண்டாம் உலகப்போர் வரை சேஸியையும் இன்ஜினையும் மட்டும்தான் விற்றது. மேலே உடலை வாங்கியவரே தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கொல்கத்தாவில் இருந்த மேத்யூசன் என்ற ஸ்காட்லாந்து இன்ஜினீயர் 1910-ல் அன்னப்பறவை வடிவத்தில் ஒரு காரையே செய்ய வைத்தார். வழிவிடாத கூட்டத்தின் மேல் அந்தப் பறவையின் அலகு வெந்நீரைப் பீய்ச்சும்! இன்று அது நெதர்லாந்தில் ஒரு மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. “இது அசல் இல்லை, பறவைத் தலையைக் கழற்று” என்று யாராவது சொல்வார்களா?

போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது நம் ஊர் பஸ்களும் கார்களும் கரி வாயுவில் ஓடின. டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கருவியையே செய்து விற்றது. அந்தக் கருவியோடு ஒரு வண்டி இன்று கிடைத்தால், அதைக் கழற்றிக் கடாசுவதுதான் பெரிய நஷ்டம். ஆக, பழைய மாற்றம் வரலாறாகிவிடுகிறது. சிக்கல் இன்றைக்கு நாம் செய்யப்போகும் மாற்றத்தில்தான். அதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைத் தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரங்களுக்கு மாறாக அதை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே ரகத்தைச் சேர்ந்த இன்னொரு இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு வைக்கலாம். பெயின்ட் நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கிட் இருந்தால் கேஸுக்கோ மின்சாரத்துக்கோ மாற்ற வழி இருக்கிறது. ஆனால் பியட்டுக்குள் வேறு கம்பெனி டீசல் இன்ஜின்? ரோட்டில் ஓட்ட முடியாது. ஓட்டி, விபத்தும் நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். யூடியூப் வீடியோக்களில் இந்தப் பகுதி மட்டும் ஏனோ வருவதில்லை.

மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு கதவைத் திறந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேஸியிலும் உடலிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதியலாம். ஏற்கெனவே பதிவெண் இருந்தால் அந்தப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தாத்தா காரின் நம்பர் பிளேட்டை ராசியாக நினைக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். புதிதாகப் பதிந்தால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி வரிசை எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடங்களுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று எடுத்துப் போகலாம். தினமும் ஆபீஸ் போய்வரவோ கல்யாண வாடகைக்கு விடவோ முடியாது. 

அந்த 50 வருடக் கணக்கால் நிறைய வண்டிகள் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. 1970-ல் வாங்கிய ஹெரால்டு உள்ளே வந்துவிடும். 1990-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி வராது. வீட்டில் எல்லோரும் அதை ‘பழைய கார்’ என்பார்கள், சட்டம் சும்மா ‘பழசான கார்’ என்று சொல்லும். அதற்கு வழக்கமான எஃப்.சி.யும் மறுபதிவும்தான்.

சட்டத்துக்கும் முன்னால் ஒரு காகிதம் இருக்கிறது. ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வண்டியில் யார் எதைச் செய்தாலும் செல்லாது. வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். நான்கு பிள்ளைகள் இருந்தால் நான்கு பேரின் சம்மதம். துருவை விட இந்த விஷயத்தில்தான் பல கார்கள் ஷெட்டிலேயே மக்கிப் போகின்றன. பாட்டி இருக்கும்போதே, ஒரு நல்ல நாள் பார்த்துக் கையெழுத்துகளை வாங்கிவிடுவது உத்தமம்.

சரி, காகிதம் முடிந்தது. தார்ப்பாயை விலக்கியாயிற்று. எல்லோரும் செய்யும் முதல் தப்பு, புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகுவது. வருடக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருக்கும். வம்படியாகச் சுற்றினால் உள்சுவர் கீறிவிடும். பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வழி வேறு. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, நாலைந்து நாள் ஊறவிடுவார்கள். பிறகு கையால், மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். அசைந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அடுத்து டேங்க். தங்கிப்போன பெட்ரோல் பிசினாகியிருக்கும். முழுவதும் இறக்கிக் கழுவாமல் விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒயரிங். எலி கடித்த ஒயரில் கரன்ட் விட்டால் தாத்தா காரோடு வைக்கோல் போரும் சேர்ந்து எரியும். இன்னொன்று, அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். இன்றைய வழக்கப்படி நெகட்டிவை மாட்டினால் வம்பு. பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் சீல் அத்தனையும் மாற்றாமல் வண்டியை வாசல் தாண்ட விடக்கூடாது.

டிங்கரிங்கில்தான் நேர்மை தெரியும். துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது ஒரு வழி. துருவின் மேலேயே பட்டி அப்பித் தேய்த்து பளபளவென்று பெயின்ட் அடிப்பது இன்னொரு வழி. இரண்டும் முதல் நாள் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் தெரியும். ‘முழுசா ரெஸ்டோர் பண்ணின வண்டி’ என்று யாராவது விற்க வந்தால், சின்ன காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் அங்கே இருப்பது இரும்பு இல்லை, பட்டி.

இந்த விஷயத்தில் நம்ம சென்னை ஹெரால்டு கொஞ்சம் கொடுத்துவைத்த வண்டி. 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சென்னையில் தயாரித்தது. சேஸி தனி, உடல் தனி. பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்தால் இன்ஜின், முன்சக்கரம் எல்லாம் வெட்டவெளிக்கு வந்துவிடும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்! இங்கிலாந்தில் இரண்டு கதவோடு பிறந்த இந்தக் காருக்கு நான்கு கதவு வைத்தது நம் ஊர்க்காரர்கள்தான். அதனால் நான்கு கதவு ஹெரால்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறுப்பும் உண்டு. அது இந்தியாவில் மட்டுமே பிறந்த வண்டி, இனி வராது. அந்தக் கதவுக்கு வெளிநாட்டில் ஸ்பேர் தேடினாலும் கிடைக்காது. அம்பாசிடருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2014 வரை தயாரான வண்டி என்பதால் புதுப்பேட்டையில் சுற்றினால் ஏதாவது தேறும்.

ஒரு மாற்றத்தை மட்டும் தூய்மைவாதிகளும் இன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணம், பெட்ரோலே மாறிவிட்டது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. பழைய இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் தேயாமல் காத்துவந்தது. அதனால் ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட் வைத்துவிடுவது நல்லது. இப்போது 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்தியே வைத்திருக்கும் காரின் டேங்கில் துருவைக் கூட்டும், பழைய ரப்பர் ஹோஸையும் கார்புரேட்டர் வாஷரையும் ஊதவைத்து வெடிக்கவிடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களுக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. வெளியே தெரியாது, வேண்டுமென்றால் திரும்பக் கழற்றிவிடலாம். டுரின் சாசனத்துக்கும் இது சம்மதம்தான்.

கழற்றிய எதையும் தூக்கிப்போடக் கூடாது என்பதும் அதே நியாயம்தான். ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன் செல்போனில் படம் எடுங்கள். கழற்றியதைக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கிழிந்த சீட் துணியில் ஒரு துண்டாவது இருந்தால்தான் குஷன் கடைக்காரர் அதே நிறத்தைத் தேட முடியும். முழுக்க நன்றாக இருக்கும் பழைய பெயின்ட்டை ‘மங்கலா இருக்கு’ என்று சுரண்டிவிட்டால், பிறகு எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது திரும்பாது. 

செலவை நேராகவே சொல்லிவிடலாம். முழுப் புதுப்பிப்புக்கு ஆகும் பணம், சாதாரண அம்பாசிடரையோ பியட்டையோ விற்றால் திரும்ப வராது. முதலீடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பணம் இல்லையென்றால் அவசரமும் வேண்டாம். கட்டைகள் வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டேங்கைக் காலி செய்து, இன்ஜினுக்குள் ஆயில் விட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் கார் இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். பேரன் வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்கட்டும். அதுவரை பேரனைக் கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒருமுறை அனுப்பி வைக்கலாம். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டிய ஜி.டி.நாயுடுவின் குடும்பம் நடத்துகிற மியூசியம் அது. அலாய் வீல் ஆசை அங்கே கொஞ்சம் அடங்கக்கூடும்.

ஒருநாள் வண்டி கிளம்பிவிட்டால், முதல் ஓட்டத்துக்கு நான்குவழிச் சாலை வேண்டாம். பழைய டிரம் பிரேக், முன்னால் போகும் புதுக் கார் நிற்கிற தூரத்தில் நிற்காது. விடியற்காலையில், கிராமத்துச் சாலையில், நாற்பதைத் தாண்டாமல் போகலாம். டிக்கியில் ஒரு கேன் தண்ணீர், ஒரு ஃபேன் பெல்ட், ஒரு கயிறு. பின்னால் பைக்கில் மெக்கானிக் வரட்டும். முன்சீட்டில், தாத்தா பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்த அதே இடத்தில், பாட்டி.