குனிந்து பாராத ரசனை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவன் குனிந்து ஆராயக் கூடாதாம். அழகைக் கண்டு மனம் நிறைந்தால் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட வேண்டுமாம். "ரசிகன் வேறு, தரகன் வேறு" என்று இதற்கு ஒரு தத்துவமும் பேசுகிறார்கள், படித்தவர்கள். இந்தத் தத்துவத்தை நான் அடியோடு மறுக்கிறேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். மேற்பூச்சு மனிதனை எவ்வளவு மயக்கும் என்பது எனக்குத் தெரியும்.

எம்.ஜி.பி. என்ற இங்கிலீஷ் காரையே எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்த வண்டி. அதற்கு முந்திய எம்.ஜி.ஏ.வுக்குத் தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. இதற்குக் கிடையாது. உடம்பின் தகரமேதான் எலும்பும். கதவுக்குக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பெட்டி போல ஓடுகிறதே, அந்தத் தகரம்தான் முதுகெலும்பு. கூரையில்லாத வண்டியிலோ பாரமெல்லாம் பெரும்பாலும் அதன் தலையில். அந்த நாட்டு மழையும், பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பும் அதைத்தான் உள்ளிருந்தே அரிக்கின்றன.

விற்பவர் சிலர் என்ன செய்கிறார்கள்? துருப்பிடித்த ஓட்டையில் பட்டி வைத்து, தேய்த்து, செக்கச்செவேலென்று வர்ணம் பூசி நிறுத்துகிறார்கள். நம் ரசிகர் அந்தச் சிவப்பிலே சொக்கிப் போகிறார்! எஞ்சினின் உறுமலைக் கேட்டுத் தலையாட்டுகிறார். எஞ்சின் கெட்டால் கெடட்டும், ஐயா. பழுது பார்த்துக்கொள்ளலாம், உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. உடம்பு உளுத்துப் போனால்? 'புது உடற்கூடே கிடைக்கிறதே' என்பீர்கள். மெய்தான். 1988-இல் பழைய அச்சுகளைக் கொண்டே புதுக் கூடு செய்து விற்கத் தொடங்கினார்கள். அப்படி ஒன்று தேவைப்பட்டதே, எத்தனை வண்டிகள் உளுத்தன என்பதற்குச் சாட்சி அல்லவா?

துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தம் போதும். தகரத்தில் ஒட்டும், கனமான பட்டியில் ஒட்டாது. (ஆரம்ப கால வண்டிகளின் பானெட் அலுமினியம், அங்கே ஒட்டாதது குற்றமல்ல.) பிறகு அந்தப் பெட்டியின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி குறுகிக் கதவு சிக்கினால் வண்டி நடுவிலே மடிகிறது என்று அர்த்தம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைந்துவிடாதீர்கள்.

இதில் பணம் மட்டுமா சம்பந்தப்பட்டிருக்கிறது? 2018 மே மாதம் முதல் பிரிட்டனில், 40 வயது கடந்த, பெரிய மாறுதல் செய்யப்படாத கார்களுக்கு வருஷாந்தரச் சோதனை கட்டாயமில்லை. எம்.ஜி.பி.க்கள் எல்லாமே அந்த வயதைக் கடந்துவிட்டன. சர்க்கார் குனிவதை நிறுத்திவிட்டது. வாங்குகிறவனும் குனியாவிட்டால் வேறு யார் பார்ப்பது? உளுத்த வண்டி ஒரு நாள் மோதும்போது, பக்கத்து ஆசனத்தில் ஒரு மனைவியோ மகளோ அல்லவா உட்கார்ந்திருப்பாள்?

சோதித்துப் பார்ப்பது விற்பவரை அவமதிப்பதாகாது. நாணயமானவர் ஜாக்கியைத் தாமே எடுத்துக் கொடுப்பார். "என் வண்டியில் காந்தமா?" என்று கொதிக்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.